பட்டியலில் இல்லாத கட்டடம்

மார்ச் 4

பெயர்ப் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,

ஐயா, பாட்டில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருப்பவர்கள் சார்பாக இந்த மனுவை எழுதுகிறேன். போன வியாழக்கிழமை எங்கள் வழிபாட்டிடத்தின் கதவில் உங்கள் அலுவலகத்து ஆள் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார். அதில் இப்படி இருக்கிறது: ‘அளவை எண் 117. பயன்பாடற்ற கிடங்கு. தொழிற்சாலையின் புதிய லாரிப் பாதைக்காக அறுபது நாளில் அகற்றப்படும்.’

அளவை எண் சரி. மற்றது தப்பு. ஒரு காலத்தில் அது கிடங்காக இருந்தது உண்மைதான். தொழிற்சாலை வருவதற்கு முன்னால் அங்கே ஐஸ் வைத்திருந்தார்கள். பத்தொன்பது வருடமாக அங்கே ஐஸ் இல்லை, மனிதர்கள் இருக்கிறார்கள். தினமும் யாராவது அங்கே கும்பிடுகிறார்கள், தொழுகிறார்கள், ஜெபிக்கிறார்கள். வழிபாட்டிடம் என்று உங்கள் கட்டடப் பதிவேட்டில் இருந்தால் விசாரணை இல்லாமல் இடிக்க முடியாதாம். கிடங்கு என்று இருந்தால் கேட்பாரே கிடையாதாம். ஆக, எங்களுக்கும் புல்டோசருக்கும் நடுவில் நிற்பது ஒரு சொல். அதைத் திருத்தித் தரவேண்டும்.

மனு இத்தோடு முடிந்தது. இனி எழுதுவது மனுவில் சேராது.

அறிவிப்பின் அடியில் இருந்த கையெழுத்தை எனக்குத் தெரியும். கடைசிக் கோட்டைத் தாளின் ஓரம்வரை இழுத்துவிடுகிற அந்தக் கையெழுத்தை, ஏழாம் வகுப்பில் நான் கணக்கில் தோற்றபோது, அப்பாவுக்குத் தெரியாமல் என் மதிப்பெண் அட்டையில் நீங்கள் போட்டுக்கொடுத்தீர்கள். நாம் பேச்சை நிறுத்திப் பதினோரு வருடம் கழித்து உங்கள் எழுத்தை இப்படி ஒரு கதவில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

இப்படிக்கு,
சோதனைப் பிரிவு மேற்பார்வையாளர்,
வீடு எண் 40

மார்ச் 12

அன்புடையீர்,

தங்கள் மனு கிடைத்தது. பதிவேட்டின் ஒன்பதாம் கட்டத்தில் வழிபாட்டுக் கட்டடங்களைக் குறிக்க ஏழு சொற்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டுள்ளன: கோயில், பள்ளிவாசல், தேவாலயம், ஜெபக்கூடம், விகாரை, தர்கா, குருத்வாரா. ஒவ்வொன்றுக்கும் உரிய அடையாளங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. அளவை எண் 117இல் உள்ள கட்டடத்தில் கோபுரமோ மினாரோ மணிக்கூண்டோ இல்லை என்று அளவையாளர் குறிப்பு சொல்கிறது. எனவே அதை இவற்றுள் எதனுள்ளும் சேர்க்க இயலவில்லை. தங்கள் மனு முடிக்கப்படுகிறது.

ஊசி,

மேலே இருப்பது தட்டச்சுப் பிரிவில் அடித்தது. இதை மட்டும் கையால், வீட்டில் உன்னைக் கூப்பிடுகிற பெயரில் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு நாற்பது அறிவிப்பு கையெழுத்துக்கு வரும். நான் எண்ணைத்தான் பார்த்தேன், ஊரைப் பார்க்கவில்லை. நீ அங்கே இருக்கிறாய் என்று தெரிந்து செய்ததில்லை.

தெரிந்திருந்தாலும் வேறு மாதிரி எழுதியிருக்க முடியாது. விதி அப்படி. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

மார்ச் 17

அலுவலர் அவர்களுக்கும் அண்ணனுக்கும்,

இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பதால் ஒரு கடிதமே போதும்.

எண்ணைத்தான் பார்த்தாயா? நான் செய்கிற வேலையைச் சொல்கிறேன், கேள். விளக்குப் பலகைக்கு முன்னால் நிமிடத்துக்கு அறுபது பாட்டில் ஓடும். ஒவ்வொன்றையும் பார்ப்போம். கழுத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் எடுத்துவிடுவோம். ‘எண்ணிக்கையைத்தான் பார்த்தேன், பாட்டிலைப் பார்க்கலை’ன்னு என் பிரிவில் ஒரு பெண் சொன்னால் அவளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

உன் அளவையாளர் வந்த அன்றைக்கு நானும் இருந்தேன். வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கி, ‘மேல ஒண்ணும் இல்லையே’ன்னு கேட்டுவிட்டுப் போனார். கீழே இருக்கிறதை அவர் பார்க்கவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

ஐஸ் உருகாமல் இருக்கக் கட்டிய கட்டடம். சுவர் இரண்டு முழக் கனம். ஜன்னல் கிடையாது, கூரைக்குக் கீழே கைப்பிடி அளவுக்கு நான்கு துவாரம். உலைக்குப் பக்கத்தில் வேலை செய்துவிட்டு வருகிறவனுக்கு உள்ளே நுழைந்ததும் தலையில் யாரோ கை வைத்த மாதிரி இருக்கும். கிழக்குச் சுவரில், குடியிருப்பில் துணி தைத்துக்கொடுக்கிற தையலக்காவின் சாமி மாடம். மற்றவர்களின் முறை வரும்போது அதற்கு மரக்கதவு சாத்தியிருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் எடைமேடைக்காரர் வந்து பாயை விரிப்பார். லாரிகளை எடை போடுகிறவர் என்பதால் வரிசை ஒரு விரல் கோணினாலும் அவருக்குப் பொறுக்காது. ஞாயிற்றுக்கிழமை பேக்கிங் பிரிவுப் போதகர். அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேடையாக்கிக்கொண்டு பேசுவார். அவர் பேச ஆரம்பித்தால் முடிக்கத் தெரியாது என்பது ஒன்றுதான் அவர்மேல் இருக்கிற குறை. அடுத்த முறைக்காரர்கள் வாசலில் நின்று இருமுவோம்.

தையலக்கா அதைக் கோயில் என்பார். எடைமேடைக்காரர் பள்ளி என்பார். போதகர் ஜெபக்கூடம் என்பார். என் வீட்டுக்காரர் உலையில் வேலை செய்கிறவர், எதையும் கும்பிடாதவர், ஆனால் கூரை ஒழுகினால் ஏறுவது அவர்தான். அவர் அதை ‘நம்ம கல்யாண மண்டபம்’ என்பார். ஏனென்று உனக்குத் தெரியும்.

தெரியாத மாதிரி இருப்பாய், அதனால் சொல்கிறேன். நம் வீட்டார் போகிறது கோயில், அவர் வீட்டார் போகிறது ஜெபக்கூடம். நம் கோயில் கமிட்டி எங்கள் கல்யாணத்துக்குக் கதவைத் திறக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டது. அதைப் படித்தது செயலாளரான நீ. அவர் பக்கத்தில் பெண் முதலில் பெயரை மாற்றட்டும் என்றார்கள். நாங்கள் பையும் கையுமாக இந்தக் குடியிருப்புக்கு வந்தோம். தையலக்கா எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘இங்க வந்து பண்ணிக்கங்க. ஐஸ்கட்டிக்கே இடம் கொடுத்த கட்டடம்’ என்றார்.

அப்பா போன செய்தியை நீ தபால் அட்டையில் எழுதினாய். அது எனக்கு நான்காம் நாள் கிடைத்தது. அன்றைக்கு நான் அங்கேதான் போய் உட்கார்ந்தேன். பாய்க்காரர்கள் ஒரு பக்கம், அட்டைப்பெட்டிக்காரர்கள் ஒரு பக்கம். யாரும் எதுவும் ஓதவில்லை. என்னோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கு நீ ‘பயன்பாடற்ற’ என்று எழுதியிருக்கிறாய். மனுவை நீ முடித்தால் முடிந்துவிடுமா? நான் முடிக்கவில்லை.

ஊசி

மார்ச் 24

ஊசி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அளவையாளர் வண்டியிலிருந்து இறங்காதது தவறு. அதற்கு விளக்கம் கேட்டிருக்கிறேன்.

ஆனால் பட்டியலைப் பழிக்காதே. அதைத் தயாரித்தது நான். இந்த வேலைக்கு நான் வந்தபோது பதிவேட்டில் வழிபாட்டுக் கட்டடங்களுக்கு நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள் இருந்தன. ஒவ்வொரு எழுத்தரும் காதில் விழுந்ததை எழுதி வைத்திருந்தார். ‘சாமி கட்டடம்’, ‘கும்பிடுற வீடு’, ‘மணியடிக்கும் இடம்’. ஒருவர் ‘பெரியவர்கள் அமைதியாக உட்காரும் அறை’ என்று எழுதியிருந்தார், அது உண்மையில் நூலகம். ஒரே கட்டடம் மூன்று பெயரில் மூன்று பேருக்குப் பதிவாகி, அதற்காக அடிதடி நடந்து, ஒருவருக்குக் கண் போனது. இரண்டு வருடம் உட்கார்ந்து அதையெல்லாம் ஏழாக்கினேன். அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒரு சண்டைகூட வரவில்லை. நான் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொற்களை எனக்குப் பிடிக்கும், உனக்குத் தெரியும். கோயில் என்றால் முதலில் அரசன் வீடு. பள்ளி என்றால் படுக்கிற இடம். பிறகு துறவிகள் தங்கும் இடமாயிற்று, பிறகு பிள்ளைகள் படிக்கும் இடம், தொழுகிற இடம். ஓடுகிற தண்ணீர் மாதிரி இருப்பதை எங்கேயாவது அணைகட்டி நிறுத்தினால்தான் பதிவேடு என்று ஒன்று இருக்க முடியும்.

சரி, வழி சொல்கிறேன். இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். கோயில் என்று எழுதினால் சுலபம். கூரைமேல் இரண்டடியில் சின்னதாக, கோபுரம் மாதிரி, சிமெண்டில் ஒரு விமானம் வைத்துவிடுங்கள். பத்து நாளில் வேறோர் அளவையாளரை அனுப்புகிறேன், இறங்கிப் பார்க்கச் சொல்கிறேன். கட்டடம் தப்பித்துவிடும். உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இதற்கு மேல் என்னால் முடியாது. இதுவே அதிகம்.

அண்ணன்

ஏப்ரல் 1

அண்ணா,

படிவம் வந்தது. திருப்பி அனுப்புகிறேன். ஒன்றும் எழுதவில்லை. கோபத்தில் செய்ததில்லை என்பதற்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு, உண்மையைச் சொன்னால், பேனாவை எடுத்துவிட்டேன். ‘கோ’ எழுதிவிட்டேன். அப்புறம் அது என் ஒருத்தியின் கட்டடம் இல்லையே என்று தோன்றி, ஞாயிற்றுக்கிழமை போதகர் முடித்ததும் எல்லாரையும் நிறுத்திவைத்துப் படித்துக் காட்டினேன்.

முதலில் எடைமேடைக்காரர் எழுந்தார். “கோயில்னே எழுதுங்கம்மா. கட்டடம் நிக்கட்டும். நாங்க கோயில்லயே தொழுதுட்டுப் போறோம். எங்களுக்கு என்ன குறைஞ்சிடும்” என்றார். கோணியிருந்த ஓர் அட்டைப்பெட்டியை நேராக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

போதகர், “நானும் சரின்னுதான் சொல்வேன். என்ன, அந்த விமானம் மட்டும் கொஞ்சம் சின்னதா இருந்தா நல்லது” என்றார்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். தையலக்கா மட்டும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தார். அவர் தலைகூட நிமிரவில்லை.

“என்னக்கா, உங்களுக்குத்தான் லாபம். பேசாம இருக்கீங்க” என்றேன்.

“லாபமா?” என்றார். “இன்னைக்கு இவர் சரிங்கறார். நான் இருக்கற வரைக்கும் பிரச்சினை இல்லை. நாளைக்கு என் பேரன் வருவான். அவன் எப்படிப்பட்டவனோ எனக்கென்ன தெரியும்? இது கோயில், எங்களுது, பாயைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்புன்னு அவன் சொன்னா பேப்பர் அவன் பக்கம் இருக்கும். இடிக்கறவன் வெளியிலருந்து வர்றான், அவனை நாம எதிர்த்து நிக்கலாம். என் பேரன் கையில நானே கடப்பாரை கொடுத்துட்டுப் போக மாட்டேன்.”

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தபடியே, “அப்ப அந்தச் சிமெண்டை ஒழுகற இடத்துக்கு வெச்சுக்கலாம்” என்றார்.

ஏழு சொல்லாக்கிச் சண்டையை நிறுத்தினேன் என்கிறாய். நானூற்றைந்து சொல்லைத் தூக்கி எறிந்திருக்கிறாய். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ உட்கார்ந்திருந்திருப்பார்கள். கண் போனவருக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் அவர் கண்ணைக் குத்தியது சொல் இல்லை, இது எனக்கு மட்டும் என்று நினைத்த ஆள். பள்ளி என்கிற சொல் படுக்கிறவனிடமிருந்து துறவியிடம் போய், அங்கிருந்து குழந்தைகளிடமும் தொழுகிறவரிடமும் போனதாக நீயே எழுதுகிறாய். அது இவ்வளவு வீடு மாறியபோது யாரும் அதனிடம் படிவம் கேட்கவில்லையே.

நாங்கள் சொல்லைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. விமானம் வைக்கப் போவதில்லை. கட்டடத்தையும் விடப் போவதில்லை.

ஊசி

ஏப்ரல் 9

ஊசி,

காலையில் அலுவலகத்தில் செய்தித்தாளை என் மேஜையில் விரித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். புல்டோசருக்கு முன்னால் நாற்பது ஐம்பது பேர் தரையில் உட்கார்ந்திருக்கும் படம். நீ இரண்டாம் வரிசையில் இருக்கிறாய். வாயைத் திறந்து டிரைவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாய். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்க்கிறார். ‘உள்ளே வந்து பாருங்க’ என்றுதான் சொல்லியிருப்பாய் என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

அறுபது நாள் முடிவதற்கு முன்பே இயந்திரத்தைக் கொண்டுவந்தது தொழிற்சாலையின் தவறு. அதனால் மேலிடம் இறங்கி வந்து விசாரணைக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஏப்ரல் 20, காலை பத்து மணி. பதிவு சரியானதே என்று அலுவலகத்தின் சார்பில் வாதாட என்னைப் போட்டிருக்கிறார்கள்.

தயவுசெய்து நீ வராதே. என் தங்கை என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் உனக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை. அடுத்த மாதம் துணை இயக்குநர் பதவிக்கு என் பெயர் போகிறது.

இன்னொன்று. உன் கடிதத்தில் தீர்மானத்தைப் ‘படித்தது நீ’ என்று எழுதியிருந்தாய். அது முழு உண்மையில்லை. அதை எழுதியதும் நான்தான். கமிட்டியில் ஆறு பேர் ஆறு விதமாகப் பேசினார்கள். ஒருவர் ‘பொண்ணு போற இடம் தப்பு’ என்றார், ஒருவர் ‘வேண்டாத பழக்கமாயிடும்’ என்றார். இதையெல்லாம் எப்படி எழுதுவது என்று கேட்டார்கள். நான்தான் சொல்லில் கெட்டிக்காரன் ஆயிற்றே. ‘வெளியாட்களின் திருமணத்துக்கு அனுமதியில்லை’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன். ரொம்பச் சுத்தமான வாக்கியம் என்று பாராட்டினார்கள். வெளியாள் என்று நான் எழுதியது அவரைத்தான் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாக்கியத்தில் ‘ஆட்கள்’ என்று பன்மை இருந்தது.

அப்பா போன அட்டையும் தபாலில் தாமதமாகவில்லை. அது இரண்டு நாள் என் சட்டைப் பையில் இருந்தது.

அண்ணன்

ஏப்ரல் 13

அண்ணா,

அட்டை விஷயம் எனக்கு அப்போதே தெரியும். முத்திரையில் தேதி இருக்குமே. பதினோரு வருடமாக நீயாக எப்போது சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீர்மானத்தை எழுதியது நீ என்பது தெரியாது. இரண்டு நாள் இந்தக் கடிதத்தை எழுத முடியவில்லை. விளக்குப் பலகைக்கு முன்னால் இருந்திருந்தால் நல்ல பாட்டிலையும் உடைத்திருப்பேன். நல்லவேளை, இப்போது எனக்கு வேலை இல்லை. ‘ஒழுங்கீனம்’ என்று எழுதி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரே சொல்தான், ரொம்பச் சுத்தமாக இருக்கிறது.

நான் வருவேன். நீ யார் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், அது உன் வாயிலிருந்து வரவேண்டியது. உனக்காக வரவில்லை. நாங்கள் பகலில் முறைவைத்துக் கதவருகே உட்கார்ந்திருக்கிறோம். அன்றைக்கு என் முறையைத் தையலக்கா எடுத்துக்கொள்கிறார்.

நீ வாதாடு. உன் வேலை அது. நன்றாகவே வாதாடு. சொல்லில் நீ கெட்டிக்காரன் என்று எனக்கும் தெரியும்.

ஊசி

ஏப்ரல் 21

ஊசி,

நேற்று உங்களை உள்ளே விடவில்லை. நிலத்துக்கு உரிமைப் பத்திரம் உள்ளவர்கள்தான் உள்ளே வரலாம் என்று காவலாளி சொன்னபோது நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். நீ அவரோடு வாதாடியதும் கேட்டது. தாழ்வாரத்தில் பெஞ்சு இருந்தும் நீங்கள் ஐந்து பேரும் நான்கு மணிநேரம் நின்றுகொண்டே இருந்தீர்களாம். உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியவேண்டும். அதனால் எழுதுகிறேன்.

விசாரணை அலுவலர் ஓர் அம்மா. சளி பிடித்திருந்தது, மாத்திரையைச் சப்பிக்கொண்டே கேட்டார். தொழிற்சாலையின் வக்கீல் முதலில் பேசினார். “அங்க மூணு கூட்டம் மூணு பேர் சொல்றாங்க. எல்லாருக்கும் பொதுன்னா யாருக்கும் சொந்தமில்லைன்னுதான் அர்த்தம். பட்டியல்ல இல்லாத கட்டடத்துக்குப் பாதுகாப்பும் இல்லை” என்றார். நன்றாகத்தான் பேசினார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். கையில் ஆறு பக்க உரை வைத்திருந்தேன். நான்கு நாள் உட்கார்ந்து எழுதியது. முதல் வரி, ‘இப்பதிவு விதிகளுக்கு முற்றிலும் உட்பட்டது.’

அந்த அம்மா உரையைக் கேட்கவில்லை. “அதெல்லாம் அப்புறம். அது என்ன கட்டடம்? அதை மட்டும் சொல்லுங்க” என்றார்.

பதினெட்டு வருடமாக இந்தக் கேள்விக்குக் கட்டம் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். உரையில் அதற்குப் பதில் இல்லை. “வழிபாட்டிடம்” என்றேன்.

“எது? கோயிலா, பள்ளிவாசலா?”

“அவங்க மூணு விதமாச் சொல்றாங்க. மூணும் சரி.”

“பட்டியல்ல அப்படி ஒண்ணு இல்லையே.”

“இல்லை.”

“பட்டியலைத் தயாரிச்சது யாரு?”

“நான்.”

“அப்போ?”

“பட்டியல் தப்பும்மா” என்றேன்.

வக்கீல் எழுந்துவிட்டார். இவர் அலுவலகத்துக்கு எதிராகப் பேசுகிறார் என்றார். பொதுவென்றால் யாருக்கும் சொந்தமில்லை என்று மறுபடி சொன்னார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “பஸ் ஸ்டாப்பும் பொதுதான். அதுக்காக அதைக் கிடங்குன்னு யாரும் எழுதறதில்லை” என்றேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, மாத்திரை தொண்டையில் சிக்கி, தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

தண்ணீர் குடித்துவிட்டு, “சரி, மூணு சொல்லும் எழுதணும்னா ஒன்பதாம் கட்டத்துல இடம் பத்தாதே” என்றார்.

“கட்டடத்தை இடிக்கறதைவிடக் கட்டத்தைப் பெரிசாக்கறது சுலபம்” என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, “அந்தக் குடியிருப்புல உங்களுக்கு யாராவது வேண்டியவங்க இருக்காங்களா?” என்று கேட்டார். சட்டப்படி கேட்கவேண்டிய கேள்வி. ஆனாலும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என் தங்கச்சி இருக்கா. வெளியில தாழ்வாரத்துல நிக்கறா. அவளோட கல்யாணம் அந்தக் கட்டடத்துலதான் நடந்தது. ஏன்னா எங்க கோயில் கதவைச் சாத்தினது நான்” என்றேன்.

அதற்குப் பிறகு என் சாட்சியத்துக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாகக் காவலாளி சொன்னார்.

அண்ணன்

மே 16

அண்ணா,

உத்தரவு நகல் நேற்று வந்தது. போதகர் அட்டைப்பெட்டி மேடைமேல் நின்று படித்தார். முதல் தடவையாக அவர் சீக்கிரம் முடித்தபோது எல்லாரும் மறுபடி படிக்கச் சொன்னார்கள். ஒன்பதாம் கட்டத்தில், ‘கோயில், பள்ளி, ஜெபக்கூடம். பயன்படுத்துவோர் சொல்கிறபடி’ என்று இருக்கிறது. கட்டம் பத்தாமல் ஓரத்தில் ஒரு துண்டுத்தாளை ஒட்டி எழுதியிருக்கிறார்கள். எடைமேடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்தத் துண்டுத்தாள் நேராக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார்.

முழுதாக ஜெயிக்கவில்லை. கட்டடத்தைத் தொடக்கூடாது, ஆனால் லாரிப் பாதைக்கு முன்முற்றத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. எடுத்துவிட்டார்கள். வாசல்படிக்கு ஒரு கை தள்ளி இப்போது தார் ரோடு. என்னை வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள், மேற்பார்வையாளராக இல்லை. மறுபடி வரிசையில் நின்று பாட்டில் பார்க்கிறேன். கை மறக்கவில்லை.

உன் கடிதத்தை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் காட்டினேன். பஸ் ஸ்டாப் வரியில் சிரித்தார். கடைசிப் பகுதிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மடித்துக் கொடுத்துவிட்டு, ‘உங்கண்ணன் வேலை இருக்குமா?’ன்னு கேட்டார். எனக்கும் அதுதான் கேள்வி.

ஊசி

மே 24

ஊசி,

வேலை இருக்கிறது. நாற்காலிதான் மாறிவிட்டது. துணை இயக்குநர் பட்டியலில் என் பெயர் இல்லை. அடுத்த வாரம் முதல் கிளை அலுவலகத்தில் பழைய பதிவேட்டு அறை. நானூற்றுப் பன்னிரண்டு சொற்களும் எழுதப்பட்ட மூலப் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டடமாகப் போய், அங்கே இருப்பவர்கள் இப்போது என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதத் திட்டம் வைத்திருக்கிறேன். அனுமதி கேட்கப்போவதில்லை. அந்த அறையில் என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

நம் கோயில் கமிட்டியில் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யவேண்டும் என்று கொண்டுவந்தேன். ஐந்துக்கு இரண்டில் தோற்றேன். என்னோடு கை தூக்கிய இன்னொருவர் யார் தெரியுமா, அன்றைக்கு ‘வேண்டாத பழக்கமாயிடும்’ என்றவர். அவருடைய மகள் போன வருடம் எங்கேயோ போய்க் கல்யாணம் செய்துகொண்டாளாம். செயலாளர் பதவி வேண்டாம் என்று கோயில் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த கூட்டத்துக்குச் சாதாரண ஆளாகப் போய் மறுபடி கொண்டுவருவேன். என்னோடு சேர்ந்து நிற்க அவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு அடுத்த கூட்டத்திலும் கொண்டுவருவோம்.

உன்னிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. மன்னிப்பு என்று எழுதி அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

அண்ணன்

மே 30

அண்ணா,

மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என்று பார்க்காதே. அப்பா விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறுமா என்றும் தெரியாது. ஆறுகிற வரைக்கும் உன்னோடு பேசாமல் இருப்பதாகவும் இல்லை. பதினோரு வருடம் பேசாமல் இருந்து பார்த்தாயிற்று, யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சனிக்கிழமை வா. உள்சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். ஆள் பத்தவில்லை. பழைய சட்டை எடுத்துவா. பின்பக்கச் சுவர் உனக்கு. அதுதான் இருக்கிறதிலேயே கரடு. என் வீட்டுக்காரர் ஏணி பிடிப்பார். அவரிடம் பேச என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு வராதே, கூரையைப் பற்றிக் கேட்டால் சாயங்காலம்வரை அவரே பேசுவார். உள்ளே வந்ததும் தையலக்கா உன்னை மேலும் கீழும் பார்ப்பார். பயப்படாதே, எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பார். நீ அதை என்னவென்று கூப்பிடுவாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

முற்றம் போய்விட்டதால் செருப்பு விட இடமில்லை. ரோட்டிலேயே விடுகிறோம். முதல் வாரம் தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்து, ‘பாதையில செருப்பு கிடக்கக்கூடாது’ன்னு சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் முந்திய நாளைவிட நாற்பது ஜோடி அதிகமாக இருந்தது. இப்போது லாரிக்காரர்கள் வளைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

நீயும் அங்கேயே விடு.

ஊசி